மைதானத்துக்கு முதலில் ஓர் ஆள் போடுங்கள்

மைதானத்துக்கு நிதி வந்திருக்கிறது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நம்ம பக்கத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். ஒரு ஜேசிபி வரும். இருக்கிற கொஞ்சநஞ்சப் புல்லையும் மேல்மண்ணோடு வழித்து ஓரத்தில் குவிக்கும். அதன் மேல் நாலு டிப்பர் கிராவல் அடிப்பார்கள். ரோட்டு ரோலரை விட்டு உருட்டுவார்கள். பளிச்சென்று, சிவப்பாக, சமமாக இருக்கும். போட்டோ எடுப்பார்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் தண்ணீர் தேங்கும். அதற்கடுத்த வெயிலுக்குப் பிள்ளைகள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்கிற உரிமையில் இதை எழுதுகிறேன். பணம் போதாது என்பது நிஜம்தான். வழக்கமாக வருகிற தொகை பந்து, வலை, கோடு போடச் சுண்ணாம்பு என்று வாங்கினாலே தீர்ந்துவிடும். ஆனால் எப்போதாவது மொத்தமாக வருகிற பணத்தை நாம் தரையைக் கெடுக்கத்தான் செலவழிக்கிறோம். அதில் பாதியை மைதானத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு மாதச் சம்பளமாகக் கொடுத்திருந்தால் இந்நேரம் பல மைதானங்களில் புல் இருந்திருக்கும். இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

நம்ம ஊர் மைதானம் ஒரு நாளில் எத்தனை வேலை பார்க்கிறது என்று யோசியுங்கள். விடியுமுன்பே நடைப்பயிற்சிக்காரர்கள். ஆறு மணிக்குக் கால்பந்துப் பையன்கள், கூடவே போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பிள்ளைகள். பகலில் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஒரே நேரத்தில் நாலு செட் கிரிக்கெட், ஒரு செட்டின் பந்தை இன்னொரு செட் எடுத்துப் போட்டுக்கொண்டு. இருட்டினால் கார் ஓட்டப் பழகுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட். முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு வந்த வண்டிகள். திருவிழாவுக்கு ராட்டினம், தீபாவளிக்குப் பட்டாசுக் கடை, தேர்தலுக்கு மேடை. நன்றாகப் பராமரிக்கிற புல்தரையே வாரத்துக்கு 20, 25 மணி நேர ஆட்டத்தைத்தான் தாங்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பொதுவான கணக்கு. நம்ம மைதானம் அதை இரண்டு மூன்று நாளிலேயே தாண்டிவிடும்.

இதைக் கேட்டதும் "அப்புறம் எப்படி சார் புல் நிற்கும்?" என்பார்கள். நிற்கும். ஏனென்றால் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல விழுவதில்லை. இரண்டு கோல் வாசல், நடுவட்டம், பவுலர் ஓடி வருகிற தடம், கேட்டிலிருந்து குறுக்கே விழுந்த ஒற்றையடிப் பாதை. மொட்டையாகிற இடம் அவ்வளவுதான். 100 மீட்டருக்கு 60 மீட்டர் என்று ஒரு பள்ளி மைதானத்தை வைத்துக்கொண்டால் மொத்தம் 6,000 சதுர மீட்டர். அதில் உண்மையிலேயே அடிபடுகிற இடத்தைக் கூட்டினால் 400 சதுர மீட்டருக்குப் பக்கத்தில்தான் வரும். கையில் இருக்கிற காசையும் உழைப்பையும் அந்த 400-ல் கொட்டினால் மீதியை அருகம்புல் தானே பார்த்துக்கொள்ளும்.

அருகம்புல்தான், வேறெதுவும் வேண்டாம். நர்சரிக்காரர் சொல்கிற அலங்காரப் புல்லெல்லாம் வீட்டுத் தோட்டத்துக்கு. பிள்ளையார்பட்டியில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதே அருகுதான். தரைக்கு மேலே கொடி ஓட்டும், தரைக்குக் கீழே தண்டு ஓட்டும், மிதித்தாலும் கணுவிலிருந்து திரும்ப முளைக்கும். உலகத்தில் வெப்பமான நாடுகளில் கால்பந்து மைதானங்களுக்கு அதிகம் போடுவதே இந்த இனமும் இதிலிருந்து உருவாக்கிய கலப்பு ரகங்களும்தான். நமக்கு அது வரப்பில் இலவசமாகக் கிடக்கிறது. அதற்கு ஒரே ஒரு விஷயம் ஆகாது, நிழல். மைதானத்தின் மேல் நிழல் விழும்படி மரம் வைக்கிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் பேச வேண்டும்.

சரி, அந்த 400 சதுர மீட்டரில் என்ன பிரச்சினை? மண் இறுகிப்போவது. நம்ம செம்மண் ஈரத்தோடு மிதிபட்டால் அப்படியே கல்லாகிவிடும். மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் போகிற இடுக்குகள் மூடிக்கொள்ளும். மேலே இரண்டு மூன்று அங்குலத்தில்தான் இது மிக மோசமாக இருக்கும், புல்லின் வேரில் பெரும்பகுதியும் அங்கேதான் இருக்கிறது. அந்த நிலையில் நீங்கள் உரம் போட்டாலும் தண்ணீர் விட்டாலும் பாதி வழிந்து ஓடும். முதலில் துளை போட வேண்டும். பெரிய மைதானங்களில் விரல் தடிமனுக்கு மண்ணைக் குழாய் குழாயாகப் பிடுங்கி எடுக்கிற மெஷின் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது எட்டாது. வெல்டிங் பட்டறையில் ஒரு இரும்புச் சட்டத்தில் அரையங்குலக் கம்பி ஐந்தை, நாலைந்து அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி பற்றவைத்து, மேலே கைப்பிடி போடச் சொல்லுங்கள். காலால் மிதித்து இறக்கி, லேசாக அசைத்து எடுக்க வேண்டும். அரை அடிக்கு ஒரு துளை. மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மண் கையில் ஒட்டாத பதத்தில் செய்தால் இரண்டு பேர் இரண்டு மூன்று காலையில் முடித்துவிடுவார்கள். சேறாக இருக்கும்போது செய்தால் துளையின் சுவரே பூசி அடைத்துவிடும்.

துளை போட்ட கையோடு மணல். இங்கேதான் நம்ம ஊரில் ஒரு நல்லெண்ணத் தவறு நடக்கிறது. கண்மாய் வண்டல் பயிருக்கு நல்லது, அதனால் மைதானத்துக்கும் நல்லது என்று டிராக்டர் டிராக்டராகக் கொண்டுவந்து பரப்பிவிடுகிறார்கள். வயலில் அதை உழுது கலக்குகிறோம். மைதானத்தில் கலக்குவதில்லை. செம்மண்ணுக்கு மேலே களிமண் ஒரு தனி அடுக்காக உட்கார்ந்துகொள்ளும். மழையில் வழுக்கும், வெயிலில் ஓடு ஓடாக வெடிக்கும், தண்ணீர் அந்த அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்கவே இறங்காது. வேண்டியது பருமணல், அதுவும் புல்லின் நுனி வெளியே தெரிகிற அளவுக்கு, 5 மில்லிமீட்டர் கனத்தில். 400 சதுர மீட்டருக்கு அது 2 கன மீட்டர்தான், ஒரு யூனிட்கூட (100 கன அடி) முழுசாகத் தேவைப்படாது. கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் என்றால் கழுவியதாகப் பாருங்கள். தூளோடு போட்டால் கஷ்டப்பட்டுப் போட்ட துளையெல்லாம் அடைத்துவிடும்.

கோல்போஸ்ட்டைக் கான்கிரீட்டில் புதைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். கழற்றி நகர்த்துகிற மாதிரி பைப்பில் செய்தால் மாதத்துக்கு ஒரு முறை நாலைந்து மீட்டர் தள்ளி வைக்கலாம், பழைய இடம் ஆறும். பயிற்சியை எப்போதும் கோல் முன்னாலேயே நடத்தாமல் ஓரங்களுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நகர்கிற கோல்போஸ்ட்டின் பின்காலில் மணல் மூட்டை கட்டாயம். தொங்கி விளையாடுகிற பிள்ளை மேல் கவிழ்ந்து உயிர் போன சம்பவங்கள் உலகத்தில் நிறைய உண்டு.

தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைச் சொல்லித்தான் கையை விரிக்கிறார்கள். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். வெயில் காலத்தில் புல் பச்சையாக இருக்க வாரத்துக்கு 25 மில்லிமீட்டராவது வேண்டும். 6,000 சதுர மீட்டருக்கு 1,50,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி வாரத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நடை. சித்திரை வைகாசியில் குடிக்கிற தண்ணீருக்கே குடம் வரிசையில் நிற்கிற ஊரில் இதைக் கேட்பதே தப்பு. கேட்கவும் வேண்டாம். அருகு காய்ந்து பழுப்பாகிப் படுத்துக்கொள்ளும், சாகாது; மழைக்குத் திரும்பி வரும். அந்த 400 சதுர மீட்டருக்கு மட்டும் வாரம் ஒரு லாரி, 10,000 லிட்டர் போதும். அதையும் தினமும் தெளிக்காமல் ஒரே தடவையில் ஆழமாக விட வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்று சோம்பேறியாகிவிடும்.

இனி ஓய்வு. என்னைக் கேட்டால் இந்தப் பதிவில் இது ஒன்றுதான் காசே ஆகாத வைத்தியம், இதற்குத்தான் எதிர்ப்பும் அதிகம். நமக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அருகு தலைதெறிக்க ஓடும். அந்த இரண்டு மாதம் ஈரமண்ணில் கால் படாமல் இருந்தால் வருடம் முழுக்கப் பட்ட அடியில் பெரும்பகுதி ஆறிவிடும். மொட்டையான இடத்தில் அரை அடிக்கு ஒரு கொடித்துண்டை ஐப்பசியில் ஊன்றினால் தைக்குள் மூடிக்கொள்ளும். ஒரு பள்ளியில் இதைச் சொன்னபோது ஒரு பையன், "என்ன சார், புல்லுக்கெல்லாமா லீவு?" என்றான். ஆமாம்டா, உனக்கு அரைப் பரீட்சை வருகிறது, நீயும் படி, அதுவும் வளரட்டும் என்றேன். பையன் ஒத்துக்கொண்டான். பெரியவர்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டாசுக் கடை ஏலம் சரியாக அந்த ஐப்பசியில் வருகிறது. லாரி உள்ளே வரும், கொட்டகைக்குக் குழி தோண்டுவார்கள், ஈரமண்ணில் வண்டித்தடம் அரை அடி ஆழத்துக்கு விழும். அந்த வாடகைப் பணத்தைவிட அடுத்த வருடம் ஜேசிபிக்குக் கொடுக்கிற பணம் அதிகம். முழுசாக மூட முடியாவிட்டால் பாதியை மூடுங்கள், அடுத்த வருடம் மறுபாதி.

இதையெல்லாம் யார் செய்வது? அதற்குத்தான் ஆள் கேட்கிறேன். செட்டிநாட்டில் குடிதண்ணீர் ஊருணிகளை நினைத்துப் பாருங்கள். வெட்டிக் கல் கட்டிப் படி வைத்ததோடு விடவில்லை. அதில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு இருந்தது, மீறினால் கேட்க ஆள் இருந்தார். மைதானத்தில் கேட்க ஆளில்லை. இருந்தால் அவர் மழை நாளில் கேட்டைப் பூட்டுவார். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை புல் வெட்டுவார். இப்போது வருடத்துக்கு இரண்டு தடவை, முழங்கால் உயரம் வளர்ந்த பிறகு தோளில் மாட்டுகிற மெஷினால் அடியோடு மொட்டையடிக்கிறோம். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் புல் திகைத்துப்போகும். மூன்று நாலு சென்டிமீட்டரில் அடிக்கடி வெட்டினால்தான் பக்கவாட்டில் படர்ந்து கம்பளமாகும். வெட்டியதை அள்ள வேண்டாம், அங்கேயே கிடந்து மட்கினால் புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு அதிலிருந்தே கிடைக்கும். நெருஞ்சி காய் விடும் முன்னே பிடுங்க வேண்டும். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளுக்கு அதுவே பெரிய உபகாரம்.

உரத்துக்கு என் யோசனை கொஞ்சம் பழைய காலத்து யோசனை. ஆவணி, புரட்டாசியில் தரை காய்ந்திருக்கும்போது ஆடு மேய்க்கிற கீதாரியிடம் பேசி நாலைந்து ராத்திரி ஆட்டுக்கிடை போடுங்கள், அதாவது மந்தையை ராத்திரி அங்கே அடையுங்கள், இடத்தை மாற்றி மாற்றி. அடுத்த மழைக்குப் பாருங்கள் வித்தியாசத்தை. ஒரே தொல்லை, ஆட்டுப் புழுக்கையோடு சீமைக் கருவேல விதையும் வந்து விழும். முளைத்த மாதத்திலேயே பிடுங்கிவிட வேண்டும். தலைமையாசிரியர் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம். வாடை இரண்டு நாள் இருக்கும்.

செயற்கைப் புல் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிற டர்ஃப் இப்போது நம்ம பக்கமும் வந்துவிட்டது. ராத்திரி லைட் போட்டு விளையாட நன்றாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளி மைதானத்துக்கு அது சரிவராது. நம்ம மத்தியான வெயிலில் அந்தத் தரையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். எட்டுப் பத்து வருடத்தில் மொத்தத்தையும் பிய்த்து மாற்ற வேண்டும். அந்தப் புல் இழைகளுக்கு நடுவே தூவுகிற ரப்பர் துகள் மைக்ரோபிளாஸ்டிக் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் தடை கொண்டுவந்து, மைதானங்களுக்கு எட்டு வருட அவகாசம் கொடுத்திருக்கிறது. செயற்கைத் தரை இருந்த அமெரிக்க ஸ்டேடியங்களில்கூட 2026 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா புல்தரையைத்தான் கேட்டது.

2024-ல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது. நல்ல காரியம். மட்டையும் பந்தும் வந்துவிட்டன, தரைக்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை. அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. சிக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியாரின் ஊர் இது. இன்றைக்கும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் பள்ளிக்கு வளைவு கட்டித் தருகிறார்கள், மேடை கட்டித் தருகிறார்கள், பளிங்கில் பெயர் வெட்டி வைக்கிறார்கள். அண்ணாச்சிமாரே, அடுத்த தடவை வளைவு வேண்டாம். மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு ஆளும், நல்லதாக ஒரு புல்வெட்டும் மெஷினும், மூன்று வருடத்துக்கு. பெயர்ப்பலகை வேண்டுமென்றால் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

எங்கள் ஊர் மைதானத்தில் வடக்குக் கோல் வாசலை மட்டும் இந்த ஐப்பசியில் எடுத்துச் செய்வதாகப் பேசியிருக்கிறோம். துளை போடுகிற கருவிக்குப் பட்டறையில் சொல்லியாயிற்று. கோரைக் கிழங்கு கலக்காத அருகு நாலைந்து சாக்கு வேண்டும். கண்மாய்க் கரையிலோ வரப்பிலோ சுத்தமான அருகு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், வந்து வெட்டிக்கொள்கிறோம். வண்டி எங்களுடையது.