ககேதி போனால் சின்ன ஒயின் கூடங்களுக்குப் போங்கள்
ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலீசியிலிருந்து, ஒயினுக்குப் பேர்போன ககேதி வட்டாரத்துக்கு ஒரே நாளில் போய்வரும் ஒயின் சுற்றுலா பற்றிய கட்டுரையில் பெரிய ஆலைகளுக்கே இடம் கொடுத்துவிட்டீர்கள். என் வாக்கு, வீட்டோடு சேர்ந்த சின்னக் கூடங்களுக்குத்தான். தரையில் வாய்வரை புதைத்த க்வெவ்ரி மண்தாழிகளை அங்கே பக்கத்தில் நின்றே பார்க்கலாம். அந்தத் தாழிகளில் ஒயின் செய்யும் முறை 2013இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ர்கத்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சையைத் தோல், விதையோடு மாதக்கணக்கில் ஊறவிடுவதால் ஒயின் தேன் நிறத்தில், நல்ல துவர்ப்போடு இருக்கும். வெறும் வயிற்றில் மட்டும் குடிக்காதீர்கள்! திராட்சைக் குச்சித் தணலில் சுட்ட இறைச்சியும் (பெரும்பாலும் பன்றி), அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்ட ஷோத்தி ரொட்டியும் கேட்டு வாங்குங்கள். சைவக்காரர்களுக்கு வால்நட் அரைத்துத் தடவிய கத்திரிக்காய் இருக்கிறது, அருமை. அப்புறம், ஒரு நாளைக்கு இரண்டு கூடம் போதும். வழிகாட்டியிடம் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.