மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன வயது?

நூறு நாள் வேலை என்று பேச்செடுத்தாலே, "போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு ஒரு கூலியா?" என்று சலித்துக்கொள்பவர்கள் சேலம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போட்டிருக்கும் விவசாயிகள், கிழங்கு பிடுங்க ஆள் கிடைக்காத வருத்தத்தில் இதைச் சொல்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. நகரத்தில் இருப்பவர்களோ வேலை நடக்கும் இடத்தை ஒரு நாளும் எட்டிப் பாராமலேயே சொல்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் நான் கேட்டுக்கொள்வது, ஒரு நாள் காலையில் நேரில் போய், அந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன வயது என்று விசாரித்துப் பாருங்கள் என்பதுதான். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருவோரில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். அவர்களிலும் அறுபதைத் தாண்டியவர்கள், கணவனை இழந்தவர்கள், முட்டி தேய்ந்து குனிய முடியாதவர்கள் எத்தனை பேர் என்பது அங்கே போனால் தெரிந்துவிடும். மரவள்ளித் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறேன் என்று இவர்களே கேட்டாலும், எந்தத் தோட்டக்காரரும் வண்டியில் ஏற்றிக்கொள்ளப் போவதில்லை.

முதியோர் உதவித்தொகை செய்திருக்க வேண்டிய வேலையை நம் மாவட்டத்தில் நூறு நாள் வேலைத் திட்டம் செய்துகொண்டிருக்கிறது என்பதே என் கருத்து. அறுபத்தெட்டு வயதில் ஒரு மூதாட்டி ஏரிக்கரையில் மண் சட்டியோடு நிற்கிறார் என்றால், வேலையின் மீதுள்ள ஆசையால் நிற்கவில்லை. நிற்காவிட்டால் மாதக் கடைசியில் மருந்துக் கடைக்குப் போக அவரிடம் காசு இருக்காது. 2005-ல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் வயதுக்கு மேல்வரம்பு வைக்கவில்லை. வேலை கேட்டுப் பதினைந்து நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்றும் எழுதிவைத்தது. முதியோர் உதவித்தொகைக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. அது அரசாணையால் நடக்கும் திட்டம். நிதி இருந்தால் ஆள் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் மனு கோப்பில் கிடக்கும். எழுபது வயதில் வேலை வேண்டும் என்று சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். இனி என்னால் முடியாது, எனக்குச் சோறு போடுங்கள் என்று கேட்கச் சட்டம் எதுவும் கையில் இல்லை. முதுமையில் அரசு உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது என்பது உண்மையே. ஆனால் அது அரசுக்கு வழிகாட்டும் நெறிமுறைக் கோட்பாடுகளில் ஒன்று என்பதால், அதைக் கொண்டு யாரும் நீதிமன்றத்தில் தொகையை வாங்கிவிட முடியாது.

இத்தனைக்கும் இந்தியாவில் இதை முன்கூட்டியே தொடங்கிய மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. அன்றைய சென்னை மாநிலத்தில் 1962 ஏப்ரல் 1 அன்று மாதம் 20 ரூபாயுடன் முதியோர் உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15-ல்தான் தன் தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு 75 ரூபாய் கொடுத்தது. பிற்பாடு அது 200 ரூபாயானது, 2007-ல் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது, 2011-ல் வயது வரம்பு அறுபதாகக் குறைந்தது. அந்த 200 ரூபாய் மட்டும் இன்றுவரை அசையவே இல்லை. எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் 500. இந்தத் தொகை போதாது, உயர்த்துங்கள் என்று ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே பலமுறை பரிந்துரைத்திருக்கிறது. தமிழ்நாடு 2011-ல் தன் பங்கையும் சேர்த்து 1,000 ரூபாயாக்கியது. அடுத்த 200 ரூபாய் கூடுவதற்கு 2023 ஆகஸ்டு வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை வேட்டியும், மாதந்தோறும் அரிசியும் கூடவே கிடைக்கின்றன. அவை பெரிய உதவிதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் 1,200 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 40 ரூபாய். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய் என்கிறபோது, ஒரு மாத உதவித்தொகை நான்கு நாள் கூலிக்குக்கூடச் சமமில்லை. இது தெரிந்தால் உதவித்தொகை வாங்குபவர்களும் ஏன் மண்வெட்டியை விடாமல் இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

நான் ஏற்காட்டில் ஒரு வங்கிக் கிளையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முன்பு தபால்காரர் மணியார்டரில் கொண்டுபோய்க் கொடுத்த உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு மாறியபோது, அதை நல்ல மாற்றம் என்று வரவேற்றவர்களில் நானும் ஒருவன். இடையில் கை நீட்டுபவர்கள் குறைவார்கள் என்பதற்காக அதை இன்றும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் மலையில் அது எப்படி நடந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். மாரமங்கலம், செம்மநத்தம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மூதாட்டிகள் காலைப் பேருந்தில் வருவார்கள். காபிப் பழம் பறித்தும் மிளகு உருவியும் களை வெட்டியும் ஆயுளைக் கழித்த கைகள் அவை. பெருவிரலைக் கருவியில் வைத்தால் ரேகை விழாது. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொல்வோம். அப்போதும் விழாவிட்டால் தலைமுடியில் விரலைத் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பசையோடு மறுபடி வைப்பார்கள். ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு, வலக்கையிலிருந்து இடக்கைக்கு என்று முயன்று பார்த்துவிட்டு, "விழ மாட்டேங்குது சாமி, அடுத்த வாரம் வரட்டுமா?" என்று கேட்பார்கள். என்னமோ தப்புச் செய்துவிட்டவர்களைப் போலக் கேட்பார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்தில் உழைத்தே தேய்ந்துபோன ரேகை அது. அதைக் காரணம் காட்டி, அந்த உழைப்புக்குப் பிந்தைய உதவியைத் தள்ளிப்போடுவது எந்த வகையில் முறை? கருவிழிப் பதிவும் பிற மாற்று வழிகளும் விதியில் இருக்கலாம். மலையேறி வரும் வங்கி முகவரின் கைப்பையில் அதற்கான கருவி இருக்கிறதா என்பதே அந்த மூதாட்டிக்கு முக்கியம்.

வங்கிக்கு வந்து நிற்பவர்களாவது உதவித்தொகைக்கான ஆணை பெற்றவர்கள். மனுவோடு நின்றுவிட்டவர்களின் பாடு இன்னும் கடினம். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிந்தாலும், முடிவு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்ற வழியில்தான் வருகிறது. விசாரணைக்கு வருபவர் முதலில் கேட்பது மகன் இருக்கிறாரா என்றுதான். மகன் இருக்கிறான். கேரளத்துத் தோட்டத்திலோ திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ தன் பிள்ளைகுட்டிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறான், தீபாவளிக்கு வந்தால் ஐந்நூறு ரூபாய் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் பெயர் குடும்ப அட்டையில் இருந்தால் தாய் ஆதரவற்றவர் ஆகமாட்டார். பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மீது 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் முறையிட்டு ஜீவனாம்சம் கேட்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வசதி இருந்தும் கைவிட்ட பிள்ளைகளுக்கு அது தேவையான சட்டம். தானே தினக்கூலியாக இருக்கும் மகனின் மீது வழக்குப் போட்டு ஒரு தாய்க்கு என்ன கிடைத்துவிடும்? அடுத்த கேள்வி நிலம். பாறையும் சரிவுமாக அரை ஏக்கர் பட்டா இருந்தால்கூட அது சொத்து. மூன்றாவது கேள்வி வயது. பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்காத தலைமுறையில் பிறந்தவர்களுக்கு, ஆதார் எடுத்த நாளில் தட்டச்சு செய்தவர் உத்தேசமாகப் போட்ட வருடமே பிறந்த வருடமாகிவிட்டது. எழுபதைக் கடந்ததாகத் தோற்றமளிக்கும் ஒருவருக்கு அட்டையில் ஐம்பத்தாறு வயது என்றிருந்தால், அவர் இன்னும் நான்கு ஆண்டுகள் மண் சுமக்க வேண்டியதுதான்.

எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வருங்கால வைப்புநிதி ஓய்வூதியம் இருக்கிறதே என்று கேட்கலாம். பத்தாண்டு பணி பதிவாகியிருந்தால் அது கிடைக்கும். குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய்தான். ஒப்பந்தக்காரர் மூலம் பருவத்துக்கு மட்டும் பழம் பறிக்கப் போனவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவே இல்லை.

கீழே நகரத்துக்கு வந்தால் நூறு நாள் வேலையும் இல்லை, ஏனென்றால் அது ஊரகத்துக்கு மட்டுமானது. செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் பற்றவைப்பு வேலை செய்து கண் மங்கிய முதியவர்களையும், அம்மாபேட்டையில் பட்டு வேட்டி நெய்து முதுகு வளைந்தவர்களையும் நான் அறிவேன். நெசவாளர்களில் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர்களுக்கு ஏதோ ஒரு ஓய்வூதியம் உண்டு. கொலுசுப் பட்டறைத் தொழிலாளி நலவாரியத்தில் பதிந்து, உரிய காலத்தில் புதுப்பித்தும் வந்திருந்தால்தான் அவருக்கு அங்கே வழி. பட்டறைக்காரரிடம் முன்பணம் வாங்கிக் கடனிலேயே காலம் தள்ளியவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் புதுப்பிப்பெல்லாம் நினைவிருந்திருக்கும்? ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைக்கப்போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பும்போதெல்லாம், எங்கள் நூறு நாள் வேலை போய்விடுமே என்று கிராமத்துப் பெண்கள் மறியலுக்கு வருவதற்குக் காரணம் இதுதான். வரி உயர்வைவிட அவர்களை அதிகம் அச்சுறுத்துவது இந்த இழப்பு.

அந்த வேலையும் இப்போது முன்புபோல இல்லை. 2023 ஜனவரியிலிருந்து கைப்பேசிச் செயலியில் ஒரு நாளைக்கு இருமுறை படம் எடுத்து வருகையைப் பதிவு செய்ய வேண்டும்; சிக்னல் கிடைக்காத மலைச்சரிவில் அதற்காகவே ஒரு மேட்டைத் தேடி ஏற வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து ஆதாரோடு இணைந்த கணக்குக்கு மட்டுமே கூலி. 2024 நவம்பருக்குப் பிறகு பல மாதங்கள் கூலியே வராமல் போனதையும், தமிழ்நாட்டுக்கு 4,034 கோடி ரூபாய் நிலுவை என்று மாநில அரசு முறையிட்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் இளையவர்கள் வேறு கூலிக்குப் போனார்கள். முதியவர்களுக்குப் போக இடமில்லை. மளிகைக் கடையில் கடன் சொல்லி, அந்தக் கடனையும் கடைக்காரர் நிறுத்திய பிறகு, ரேஷன் அரிசியை மட்டும் வைத்துக் காலம் தள்ளினார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. நாட்கள் 125 ஆகின்றன. அதேவேளையில், உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே ஏற்றது மாறி, செலவில் 40 விழுக்காடு மாநிலத்தின் தலையில் விழுகிறது. விவசாயம் மும்முரமாக நடக்கும் பருவத்தில் 60 நாட்கள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் அது இடமளிக்கிறது. தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது அந்த நிறுத்தத்தின் நோக்கம் என்கிறார்கள். அந்த 60 நாளில் ஒரு அறுபத்தெட்டு வயதுப் பெண்ணை யார் நாற்று நடக் கூப்பிடுவார்கள் என்று யாராவது யோசித்தார்களா?

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். 2031-ல் இது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது அதிகாரபூர்வமான கணிப்பு. செலவு கூடத்தான் செய்யும். ஆயினும் நம்மைவிட வளமானது என்று சொல்லிவிட முடியாத ஆந்திரத்தில் 2024 ஜூலையிலிருந்து மாதம் 4,000 ரூபாய் கொடுக்கிறார்கள். கேரளத்தில் 2025 நவம்பரிலிருந்து 2,000. குறைந்தபட்சக் கூலியில் பாதியாவது ஓய்வூதியமாக வேண்டும் என்பது சமூகச் செயற்பாட்டாளர்களான பாபா ஆதவும் அருணா ராயும் முன்னின்று உருவாக்கிய, முதியோர் ஓய்வூதியத்துக்காகப் போராடும் பென்ஷன் பரிஷத் அமைப்பின் நெடுநாளைய கோரிக்கை. நூறு நாள் வேலைக் கூலியை வைத்துக் கணக்கிட்டாலே அது மாதம் ஐயாயிரத்தைத் தொடும். அதை ஒரே ஆண்டில் கேட்க வேண்டாம், படிப்படியாகவே போகட்டும். வருமான வரி கட்டுபவர்களையும், என்னைப் போல் வேறு ஓய்வூதியம் பெறுபவர்களையும் தவிர்த்து, அறுபதைக் கடந்த மற்ற எல்லோருக்கும் மகனையும் பட்டாவையும் கேட்காமல் கொடுப்பது முதல் படி. விலைவாசிப் புள்ளியோடு தொகையை இணைப்பது அடுத்த படி. என் ஓய்வூதியம் அப்படித்தான் இணைக்கப்பட்டிருக்கிறது. பருப்பு விலை ஏறினால் எனக்கு அகவிலைப்படி ஏறுகிறது. அதே கடையில் அதே பருப்பை வாங்கும் காபித் தோட்டத்து மூதாட்டிக்கு ஏறுவதில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தேன், அவர் சரிவில் நின்று வேலை செய்தார் என்பதைத் தவிர, இந்த வேறுபாட்டுக்கு எனக்கு வேறு நியாயம் தெரியவில்லை. மத்திய அரசின் பங்கான 200 ரூபாயையும், பழைய மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாநிலங்களுக்கு விதித்திருக்கும் பயனாளிகள் வரம்பையும் மாற்றாமல் இது நடக்காது என்பதால், நம் தொகுதி உறுப்பினர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே.

இவையெல்லாம் சென்னையிலும் டெல்லியிலும் முடிவாக வேண்டியவை. ஊரிலேயே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில், அந்த ஊராட்சியில் முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த மனுக்கள் எத்தனை, தள்ளுபடியானவை எத்தனை, ஒவ்வொன்றும் எந்தக் காரணத்தால் தள்ளுபடியானது என்பதை வாசிக்கச் சொல்லி, சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்தால் அந்தக் காரணம் உண்மையா என்று ஊராரையே சாட்சி சொல்ல வைக்கலாம். மகன் பணம் அனுப்புகிறானா, அரை ஏக்கரில் எதுவும் விளைகிறதா, அட்டையில் உள்ள வயது சரியா என்பதெல்லாம் ஊருக்குத் தெரியாதவை அல்ல. ஏற்காடு ஒன்றியத்தில் இதைச் செய்ய முன்வரும் ஊராட்சிகளுக்கு மேல்முறையீட்டு மனு எழுதித் தரவும், அலுவலகத்துக்கு உடன் வரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.