அடித்து ஏற்றிய குதிரை எதைக் கற்றது?

ஒரு குதிரையேற்றப் பள்ளியில் இளங்குதிரை ஒன்றைச் சவுக்கால் அடித்து லாரியில் ஏற்றும் அந்தக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் பகிரப்போவதில்லை. அந்தப் பள்ளியின் பெயரையும் எழுதமாட்டேன். எழுதினால் பேச்சு முழுவதும் பெயரைச் சுற்றியே போய்விடும். காணொளியைவிட என்னை வதைத்தவை, அதன் கீழே நம் பெங்களூர்த் தமிழ் நண்பர்கள் எழுதியவை. "அடியாத மாடு படியாது" என்று ஒருவர். அதற்கு எத்தனை பாராட்டு! பாராட்டியவர்களில் என் வீட்டில் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த இளங்குதிரை அந்த அடியிலிருந்து எதைக் கற்றது?

மறுபடி பாருங்கள். லாரியில் சாய்த்து வைத்த பலகையில் அது முன்னங்காலை வைக்கிறது. வைத்த நொடியில் பின்னாலிருந்து சவுக்கு விழுகிறது. பயந்து காலை எடுக்கிறது. மறுபடியும் சவுக்கு. காலை வைத்தாலும் அடி, எடுத்தாலும் அடி. பிறகு எது சரி என்று அதற்கு எப்படித் தெரியும்? குதிரைக்குப் பாடம் ஏறுவது அழுத்தம் கொடுக்கும்போது அல்ல, அழுத்தம் விலகும்போது. கயிற்றை மெல்ல இழுக்கிறோம். ஓர் எட்டு முன்னே வருகிறது. அந்தக் கணமே கயிறு தளர வேண்டும். தளர்ந்தால்தான் தன்னிடம் கேட்டது இதைத்தான் என்று அதற்குப் புரியும். சற்றுத் தாமதித்தாலும் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குத் தெரியாது. காணொளி முழுவதிலும் அந்தக் கயிறு ஒருமுறைகூடத் தளரவில்லை.

அது ஏன் நின்றது என்று ஒருவராவது கேட்டீர்களா? வெயிலில் நின்ற குதிரைக்கு லாரியின் உட்புறம் வெறும் இருட்டு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக அதன் கண்ணுக்கு நம் கண்ணைவிட அதிக நேரம் பிடிக்கும். பலகையில் குளம்பு பட்டதும் கீழே ஒன்றுமில்லாததுபோல் ஒலிக்கிறது. தப்பி ஓடியே பிழைத்த இனம் அது, அங்கே நிற்காமல் வேறு என்ன செய்யும்? ஓர் ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து விரட்டும் உடம்பு அது. அந்த உடம்பின்மேல்தான் சவுக்கு.

நான் போகும் லாயத்தில் ஆம்பூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாய். மழைக்காலத்தில் தீவனத்தின்மேல் போட்டிருந்த நீலத் தார்ப்பாய் காற்றில் படபடத்ததைக் கண்டு, நான் பிடித்துவந்த பெண்குதிரை நின்றுவிட்டது. மூக்கு விடைத்து, கழுத்து விறைத்துவிட்டது. "கயிற்றைத் தளர்த்துங்கள் அம்மா, அது பார்க்கட்டும்" என்றார் பாய். என்னிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அது ஒரு காலை முன்னே வைத்ததும் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அதைத் திருப்பி, தார்ப்பாயை விட்டு விலக்கிக் கூட்டிப்போனார். பிறகு மறுபடி அழைத்து வந்தார். இப்போது இரண்டு எட்டு வைத்தது, மறுபடி விலக்கிப்போனார். கடைசியில் அந்தக் குதிரையே தார்ப்பாயை மூக்கால் தொட்டு முகர்ந்தது. அதன்பின் அந்த வழியில் அது நின்றதே இல்லை. ஒரு சத்தம் இல்லை, ஒரு அடி இல்லை.

"ஐந்நூறு கிலோ விலங்கைக் கொஞ்சினால் ஆளைக் கொன்றுவிடும்" என்கிறீர்கள். ஐந்நூறு கிலோ என்பதால்தான் சொல்கிறேன், பலத்தால் அதை வெல்ல முடியாது. அது மிரண்டு எழுந்தால் உங்கள் சவுக்கு என்ன செய்யும்? மென்மை என்றால் இஷ்டத்துக்கு விடுவது என்று நான் எப்போது சொன்னேன்? இடித்துக்கொண்டு வரும் குதிரையை அந்த ஆம்பூர்ப் பாய்கூடத் தள்ளி நிறுத்துவார். கோபமில்லாமல் நிறுத்துவார், அது நின்றதும் அந்தக் கணமே கையை எடுத்துவிடுவார். "குதிரைமேல் ஏறுவதே கொடுமை, நீ பேசலாமா" என்பவர்களுக்கு இன்று பதில் சொல்லப்போவதில்லை.

"நம் முன்னோர் இப்படித்தான் பழக்கினார்கள்" என்று ஒருவர் பாண்டியர் குதிரைப்படைவரை போய்விட்டார். 13ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டுக்கு வந்த மார்கோ போலோ என்ன எழுதினார் தெரியுமா? கடல்வழியாக ஆண்டுதோறும் பெரும் பொருள் கொடுத்துக் குதிரைகளை வாங்கினார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் அவற்றில் மிகப் பெரும்பகுதி செத்துப்போயின என்று எழுதினார். அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் பெருமையாக எடுத்துக்காட்ட இது ஏற்ற இடமில்லை.

சட்டத்தையும் பார்த்துவிட்டேன். விலங்குகளை அடிப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறை என்றால் அதிகபட்ச அபராதம் ஐம்பது ரூபாய். ஐம்பது ரூபாய்! அடித்த அந்தப் பையனை மட்டும் திட்டவும் எனக்கு மனமில்லை. மாலைக்குள் ஏற்றியாக வேண்டும் என்று அவனை விரட்டியவர்கள் காணொளியில் இல்லை. பொறுமைக்கு நேரம் வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க ஆளில்லை.

"அடி வாங்கித்தானே நாமெல்லாம் முன்னுக்கு வந்தோம்" என்று எழுதியவருக்கு: நானும் வாங்கினேன். பெங்களூர் அல்சூரில் படித்த காலத்தில், விடை தெரிந்தும் ஸ்கேலைப் பார்த்ததும் நாக்கு எழாமல் நின்றிருக்கிறேன். திமிர் என்று அதற்கும் சேர்த்து அடித்தார்கள். இன்றும் பக்கத்தில் யாராவது கையைச் சட்டென்று உயர்த்தினால் என் தோள் சுருங்குகிறது. எனக்குக் கணக்கு வந்தது பக்கத்து வீட்டு அக்காவின் திண்ணையில், தப்பாகப் போட்டாலும் "சரி, இன்னொரு முறை போடு" என்று அவர் சொன்னதால். அடிதான் உங்களை உருவாக்கியது என்று நீங்கள் நம்ப விரும்பினால் நம்புங்கள். அந்தக் கணக்கை ஒரு வாயில்லா ஜீவன்மேல் எழுதாதீர்கள்.

பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்பும் நண்பர்கள் இந்த வாரம் ஒருமுறை லாயத்துக்குள் போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் கையைத் தூக்கும்போது குதிரை தலையை எங்கே கொண்டுபோகிறது என்று கவனியுங்கள். அவர் பக்கம் நீட்டினால் நல்லது. தலையை மேலே இழுத்துக்கொண்டு பின்வாங்கினால், கட்டிய பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றாலும் பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள்.