புவிவெப்பக் கிணற்றில் வெறும் நீராவிதான் வருமா?

'பூமியைத் துளைத்தால் நீராவி பீறிடும், நேரே டர்பைனுக்கு விடலாம், என்றைக்கும் தீராது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

பெரும்பாலான புவிவெப்ப வயல்களில், அதாவது நிலத்தடி வெப்பத்தை எடுக்கக் கிணறு துளைக்கும் இடங்களில், ஆழத்தில் இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட சுடுநீர். 1958இல் மின்னுற்பத்தி தொடங்கிய நியூசிலாந்தின் வைராக்கேய் அப்படிப்பட்டதுதான். 260 டிகிரி செல்சியஸ் நீர் மேலேறும்போது அழுத்தம் குறைந்து, ஒரு பகுதி ஆவியாகிறது. ஆவியையும் நீரையும் பிரிக்கும் பிரிகலனில் 7 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஏழு மடங்கு) அழுத்தம் வைத்தால், ஒரு கிலோவுக்குச் சுமார் 210 கிராம்தான் ஆவி, மீதியெல்லாம் நீர். கலவை பிரிகலனுக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழலும். நீர் சுவரோரம் ஒதுங்கிக் கீழே வடியும், ஆவி நடுக்குழாய் வழியே வெளியேறும். இங்கே துளிகள் தப்பினால் அவை டர்பைன் பிளேடுகளை அரிக்கும், நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா என்ற கனிமமும் அவற்றில் படியும். அழுத்தத்தை இன்னும் குறைத்தால் ஆவி கூடும் என்பது உண்மைதான். ஆனால் எஞ்சும் நீர் குளிர்ந்து, அதில் சிலிக்கா செறிந்து, குழாய்களை அடைக்கத் தொடங்கும். இதைக் கணக்கில் எடுக்காத திட்டம் உருப்படாது.

நீராவி மட்டுமே தரும் வயல்களும் உண்டு, அரிதாக. கலிஃபோர்னியாவின் கெய்சர்ஸ் அதில் பெரியது. எடுத்த ஆவிக்கு ஈடாக நீர் ஊறாததால் அங்கும் 1980களின் இறுதியில் அழுத்தம் சரிந்தது. அதை ஈடுகட்ட 2003 முதல் சாண்டா ரோசா நகரின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து நிலத்தடியில் செலுத்துகிறார்கள்.