சுட்டு தேய்ந்து ஒட்டானது

ஆப்பிரிக்காவின் நைஜர்-காங்கோ குடும்பத்து மொழிகள் பல, பெயர்ச்சொற்களை வகுப்புகளாகப் பிரிப்பவை. அவற்றைப் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர், "உலகத்தையே இருபது வகையாகப் பிரித்துப் பார்த்தவர்கள், அதுதான் அவர்கள் தத்துவம்" என்று ஆரம்பித்துவிடுகிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

நமக்கு உயர்திணை, அஃறிணை என்று இரண்டே திணை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் பத்துக்கும் மேல். ம்ட்டு என்றால் மனிதன், வாட்டு மனிதர்கள். கிட்டி நாற்காலி, விட்டி நாற்காலிகள். முன்னால் வரும் ஒட்டுக்கு ஏற்ப அடைமொழியும் வினையும் மாறும். சரி, இந்த 'கி'யில் என்ன தத்துவம்? அரபியிலிருந்து வந்த 'கிட்டாபு' (புத்தகம்) 'கி'யில் தொடங்குகிறது என்பதற்காகவே பன்மையில் 'விட்டாபு' ஆனது. 'கீப் லெஃப்ட்' கூட ரவுண்டானாவுக்குப் பெயராகி கிபிலெஃப்டி, விபிலெஃப்டி என்று வரிசையில் சேர்ந்துவிட்டது!

இந்த ஒட்டுகளின் தொடக்கத்தைத் தேட மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே பேசும் ஃபுலா மொழியில் கோர்கோ ஆண், வோர்பே ஆண்கள். அந்த 'பே' கடைசியில் நிற்கிறது. சுவாஹிலியின் 'வா'வும் தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியின் 'அபா'வும் அதற்கு உறவு, ஆனால் முன்னால் நிற்கின்றன. ஃபுலாவில் 'பே' தனியாக வந்தால் 'அவர்கள்'. கிழக்கு புர்கினா ஃபாசோவின் குர்மா மொழியில் மனிதர்கள் 'பி நிபா': முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

அமெரிக்க மொழியியலாளர் ஜோசஃப் கிரீன்பெர்க் 1978இல் தந்த விளக்கம் இங்கேதான் பொருந்துகிறது. 'அந்த', 'இந்த' போன்ற சுட்டுச்சொல் தேய்ந்து பெயரோடு ஒட்டுகிறது, நாளடைவில் சுட்டும் வேலையை மறந்து வெறும் அடையாளமாகிறது. அப்புறம் புதுச் சுட்டு ஒன்று வந்து சேர்கிறது. குர்மாவில் பழையது, புதியது இரண்டையும் ஒரே சொல்லில் பார்க்கலாம்.

ஆனால் ஒட்டு எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் இது பதில். சுட்டே ஆளுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று என்று ஏன் பிரிந்தது? சுவாஹிலியில் மாஜி தண்ணீர், மாசீவா பால், மாஃபூட்டா எண்ணெய். ஃபுலாவில் அதே வரிசையில் ந்தியம், கோசம், நெப்பம். திரவம் என்றால் இங்கே முன்னால் 'மா', அங்கே பின்னால் 'அம்'. இது தற்செயல் இல்லை. 'ஆள்', 'நீர்' போன்ற பொதுப்பெயர்களே சுட்டோடு சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

மாலியின் பம்பாரா போன்ற மாண்டே மொழிகளில் இந்த வகுப்புகளே கிடையாது. இருந்து தொலைந்தது என்கிறார்கள் ஒரு தரப்பினர்; மாண்டே நைஜர்-காங்கோ குடும்பமே இல்லை என்கிறார்கள் இன்னொரு தரப்பினர். சுவடுகூட இல்லாமல் இவ்வளவும் தொலையுமா? நான் இரண்டாவது தரப்பு.