லிங்கனுக்குக் கென்னடி என்ற செயலாளர் இல்லை

சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர்கள் லிங்கன், கென்னடி இருவருக்கும் இடையிலான ஒற்றுமைகள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அதில் "லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி, (லிங்கன் சுடப்பட்ட) நாடகத்துக்குப் போகாதீர்கள் என்று தடுத்தார்" என்று இருக்கிறது. அப்படி ஒருவர் இல்லை. லிங்கனின் செயலாளர்கள் ஜான் நிக்கோலேயும் ஜான் ஹேயும். கென்னடியின் செயலாளர் ஈவ்லின் லிங்கன் என்பது மட்டும் உண்மை. அந்த ஒரு பாதி கிடைத்ததும் மறுபாதியை யாரோ கட்டிவிட்டார்கள்.

இருவரையும் சுட்டவர்கள் 1839, 1939 இல் பிறந்தார்கள் என்பதும் இழுத்து ஒட்டியதுதான். கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டு 1939 சரி, லிங்கனைச் சுட்ட பூத் பிறந்தது 1838.

லிங்கன் 1860 இலும் கென்னடி 1960 இலும் தேர்தலில் வென்றது உண்மைதான். ஆனால் அமெரிக்க அதிபர் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. நூறு நான்கால் மீதியின்றி வகுபடும். 1860 இல் தேர்தல் நடந்தால் 1960 இலும் நடக்கத்தானே செய்யும்? அவர்களுக்கு அடுத்து அதிபரான இருவர் பெயருமே ஜான்சன், அது நிஜமாகவே தற்செயல். ஒத்துப்போகாதவற்றை மட்டும் இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை: லிங்கன் பிறந்தது 1809, கென்னடி 1917. லிங்கன் இரண்டாம் முறையும் வென்றார், கென்னடிக்கு அந்த வாய்ப்பே வரவில்லை.

அப்புறம், கென்னடியின் முதற்பெயரும் ஜான்தான். லிங்கனின் இரண்டு ஜான்களோடு அதையும் கோத்துப் புதுப் பட்டியல் போட்டுவிடாதீர்கள்!