இஷ் ஸ்மித்தின் 13 ஜெர்சிகள்

பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்றாகக் கூடைப்பந்து ஆடிய நாங்கள் ஆறு பேர் இன்றும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். நேற்று இரவு என்பிஏ, அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பன் ஒருவன் இஷ் ஸ்மித் பெயரை இழுத்தான். "13 டீம் மாத்தினவன்டா. எங்கேயும் நிலைக்கல. அவனெல்லாம் ஒரு பிளேயரா?" என்று எழுதி, சிரிக்கும் பொம்மை நான்கைப் போட்டிருந்தான். பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே எழுதிவிடலாம் என்று வந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். இஷ் ஸ்மித் 1988இல் வட கரோலினாவின் ஷார்லட் நகரில் பிறந்தவர். உயரம் ஆறடி. நம் ஊரில் அது நெட்டை, என்பிஏவில் குட்டை. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு நான்கு ஆண்டுகள் ஆடினார். 2010 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 60 பெயர்களை வாசித்தார்கள். அதில் இவர் பெயர் இல்லை. அந்த 60 பேரில் சில சீசன்களிலேயே காணாமல் போனவர்கள் பலர். வாசிக்கப்படாத இவர் 14 சீசன் ஆடினார்.

ஹூஸ்டனில் தொடங்கினார். அப்புறம் மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, பீனிக்ஸ், ஓக்லஹோமா சிட்டி, பிலடெல்பியா, நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், ஷார்லட், டென்வர். இருக்கும் 30 அணிகளில் 13. என்பிஏ வரலாற்றில் இத்தனை அணிகளுக்கு ஆடிய வேறு ஒருவர் இவருக்கு முன் கிடையாது.

"மாத்தினவன்" என்று நண்பன் எழுதிய அந்த ஒரு சொல்தான் என்னை உறுத்தியது. மாற்றியது யார்?

எண்ணிப் பார்த்தேன். ஏழு முறை இவரை ஓர் அணி இன்னோர் அணிக்கு டிரேட் செய்திருக்கிறது, அதாவது வேறு வீரருக்கோ டிராஃப்ட் இடத்துக்கோ பதிலாகக் கைமாற்றியிருக்கிறது. டிரேட் நடந்தால் வீரரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. டிரேடை மறுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய நட்சத்திரங்களுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு ஒரு போன் வரும். பெட்டியைக் கட்ட வேண்டும், புது ஊரில் மருத்துவப் பரிசோதனைக்குப் போய் நிற்க வேண்டும். இவை போக, அணி இவரை "வேவ்" செய்த தடவைகள் தனி. வேவ் என்றால், நீ எங்களுக்கு வேண்டாம் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. அடுத்த 48 மணி நேரத்தில் வேறு அணி எதுவும் கேட்காவிட்டால் வேலை இல்லை. 2015 பிப்ரவரியில் ஓக்லஹோமா இவரை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பியது. நியூ ஆர்லியன்ஸ் ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் வேவ் செய்தது. பிலடெல்பியா கேட்டு எடுத்துக்கொண்டது. எல்லாம் ஒரே வாரத்துக்குள்.

அந்த டிரேடுகளின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் இன்னும் வலிக்கும். 2011இல் ஹூஸ்டனிலிருந்து மெம்ஃபிஸ் போனபோது மெம்ஃபிஸ் கேட்டது ஷேன் பேட்டியரை. 2013இல் மில்வாக்கி கேட்டது ஜே.ஜே. ரெடிக்கை. 2022இல் டென்வர் கேட்டது கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பை. மூன்று தடவையும் கூடவே போனவர் இஷ் ஸ்மித். காய் வாங்கினால் கடைக்காரர் மேலே போட்டுக் கொடுக்கும் கொத்தமல்லிக் கட்டு மாதிரி, கொசுறு. சம்பள வரம்பைத் தாண்டிய அணிகள் டிரேட் செய்யும்போது இரண்டு பக்கச் சம்பளமும் ஏறத்தாழப் பொருந்தியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கணக்கு நேராக வருவதற்கும், 15 பேர் கொண்ட பட்டியலில் ஓர் இடம் காலியாவதற்கும் சின்னச் சம்பளக்காரர்களை அங்குமிங்கும் நகர்த்துவார்கள். ஆட்டத்தில் தப்பு செய்ததால் நடப்பதில்லை இது. இதைப் புரிந்துகொள்ளாமல் "நிலைக்கல" என்று ஒருவரைச் சொல்வது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவர்களை ஆங்கிலத்தில் ஜர்னிமேன் என்பார்கள். ஊர் ஊராகப் பயணம் போவதால் அந்தப் பெயர் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். அந்தச் சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் ஒரு நாளைக் குறிக்கும் சொல். தொழில் பழகி முடித்தவர், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாதவர், நாள் கணக்கில் கூலி வாங்கி வேலை செய்பவர்: பழைய ஐரோப்பியத் தொழிற்குழுக்களில் அவருக்குத்தான் இந்தப் பெயர். வேலை தெரிந்தவர் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

என் அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் பல ஆண்டுகள் பதிலியாக இருந்தவர். காலையில் கேட் முன்னால் போய் நிற்பார். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராவிட்டால் அன்றைக்கு உள்ளே கூப்பிடுவார்கள். எந்த மெஷினில் நிறுத்தினாலும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், இது எனக்குப் பழக்கமில்லை என்று சொன்னால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள். என்பிஏவில் பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று இருப்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்த கேட்தான் ஞாபகம் வந்தது. ஜனவரி 5ஆம் தேதிக்குப் பிறகு ஓர் அணி ஒருவரைப் பத்தே நாளுக்கு எடுக்கலாம். ஒரே சீசனில் ஒரே அணி இரண்டு தடவை அப்படிச் செய்யலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை எடுத்தாக வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். கோடிகள் புரளும் லீக் என்று நாம் வாய் பிளக்கிறோமே, அதன் ஓரத்தில் இப்படி நாள் எண்ணிக்கொண்டு நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆண்ட்ரே இங்ராம் என்று ஒருவர். என்பிஏவுக்கு அடுத்த படியில் இருக்கும் டெவலப்மெண்ட் லீக்கில் பத்து ஆண்டு கிடந்து, 32 வயதில், 2018 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்காக என்பிஏவில் முதன்முதலாகக் கால் வைத்தார். முதல் ஆட்டத்திலேயே 19 புள்ளிகள். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

இஷ் ஸ்மித்துக்கு வருகிறேன். என் நண்பனிடம் எனக்குச் சொல்ல இருப்பது பிலடெல்பியா கதைதான்.

2015 கோடையில் இவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பிலடெல்பியா அவரைச் சும்மா போக விட்டது. அந்த அணி அப்போது வேண்டுமென்றே பலவீனமாக இருந்து, அதனால் கிடைக்கும் நல்ல டிராஃப்ட் இடங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். வாஷிங்டன் தன் பயிற்சி முகாமில் இவரைச் சேர்த்து, சீசனுக்குச் சற்று முன் கழித்துவிட்டது. நியூ ஆர்லியன்ஸ் எடுத்துக்கொண்டது. இதற்கிடையில் பிலடெல்பியா 1 வெற்றி, 30 தோல்வி என்று நின்றது. சரியாகப் பந்தைக் கொண்டு போய்க் கொடுக்க ஆளே இல்லை. இளம் நெட்டைகள் நெர்லென்ஸ் நோயலும் ஜாலில் ஒகாஃபோரும் எங்கே நிற்பது, எப்போது ஓடுவது என்று புரியாமல் தடுமாறினார்கள். 2015 டிசம்பர் 24 அன்று பிலடெல்பியா அதே இஷ் ஸ்மித்தை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து திரும்ப வாங்கியது. விலை இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் இடங்கள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பைசா இல்லாமல் கையில் வைத்திருந்திருக்கலாம்.

வந்து ஆடிய முதல் ஆட்டம் பீனிக்ஸில். பிலடெல்பியா ஜெயித்தது. சீசனின் இரண்டாவது வெற்றி! அந்த ஆண்டு அணி 10-72 என்று முடித்தது என்பது உண்மைதான், ஒரு ஆள் வந்து மலையைப் புரட்டிவிடவில்லை. ஆனால் 1-30இல் நின்றபோது எல்லாக் காலத்திலும் மிக மோசமான அணியாகிவிடுமோ என்ற பேச்சு இருந்தது. இஷ் ஸ்மித் அங்கே ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 15 புள்ளிகளும் 7 அசிஸ்டுகளும் (கூட ஆடுபவர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பாஸ்) கொடுத்தார். யாரும் வேண்டாம் என்ற ஆள், யாருக்கும் வேண்டாத அணியில்.

புதுப் புது அணியில் இப்படி ஆட அவரால் எப்படி முடிந்தது என்பதுதான் எனக்கு இவரிடம் பிடித்த விஷயம். இவர் ஆடிய இடம் பாயிண்ட் கார்ட். ஆட்டத்தை நடத்துபவர். மற்ற இடத்துக்காரர் புது அணிக்குப் போனால் தன் வேலையை மட்டும் பார்த்தால் போதும். பாயிண்ட் கார்ட் எல்லாருடைய வேலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நெட்டை ஒருவர் எதிராளியை மறித்து நின்றுவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் அதே பிக் அண்ட் ரோல் உத்திக்கு ஒவ்வொரு பயிற்சியாளரும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பார். இந்த நெட்டைக்குப் பந்து தலைக்கு மேலே வேண்டும், அந்த நெட்டைக்கு நெஞ்சுக்கு நேரே வேண்டும், மூலையில் நிற்பவர் இடது பக்கம் என்றால் நன்றாக எறிவார், வலது பக்கம் என்றால் தயங்குவார். இதையெல்லாம் இரண்டு நாளில் பிடிக்க வேண்டும். கல்யாண மண்டபத்துச் சமையல் மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத அடுப்பு, முன்பின் தெரியாத கையாட்கள், விடிந்தால் ஆயிரம் பேருக்கு இலை போட வேண்டும். வருஷம் முழுக்க ஒரே ஹோட்டலில் சமைப்பவருக்கு அந்தத் திறமை தேவைப்படாது.

குறை இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. மூன்று புள்ளி எறிதல் அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. இந்தக் காலத்து என்பிஏவில் ஆறடி ஆளுக்கு அது பெரிய பள்ளம். அதை வேகத்தாலும், நடுத்தூரத்தில் சட்டென்று நின்று எறியும் எறிதலாலும், பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதாலும் நிரப்பினார். டெட்ராய்ட் 2016இல் மூன்று ஆண்டுகளுக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. 28 வயதில்தான் இவருக்கு முதல்முறையாக அடுத்த வருஷம் எந்த ஊர் என்று தெரிந்தது. மூன்று ஆண்டும் அங்கேயே இருந்தார். இருக்க விட்டால் இருப்பார்.

இனி 2023 ஜூனுக்கு வருவோம். டென்வர் நகெட்ஸும் மயாமி ஹீட்டும் இறுதித் தொடரில். ஐந்தாவது ஆட்டம் நமக்கு 13ஆம் தேதி காலை. ஆபீசுக்குத் தாமதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். 94-89. டென்வருக்கு முதல் கோப்பை. எல்லாரும் டென்வரின் நட்சத்திரம் யோக்கிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்க வேண்டியதுதான். நான் இரண்டு பெஞ்சுகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயாமி பெஞ்சில் உடோனிஸ் ஹாஸ்லம். மயாமியில் பிறந்தவர். 2002 டிராஃப்டில் அவரையும் யாரும் எடுக்கவில்லை. பிரான்சுக்குப் போய் ஓர் ஆண்டு ஆடிவிட்டு வந்து சொந்த ஊர் அணியில் சேர்ந்தவர், 20 சீசன் அதே ஜெர்சியோடு இருந்து, அந்தத் தொடரோடு ஓய்வு பெற்றார். டென்வர் பெஞ்சில் 13வது ஜெர்சியோடு இஷ் ஸ்மித். இருவருமே டிராஃப்டில் பெயர் வாசிக்கப்படாதவர்கள். இருவருமே அந்தத் தொடரில் களத்தில் நின்ற நேரம் மிகக் குறைவு. ஹாஸ்லத்தை விசுவாசத்தின் அடையாளம் என்று உலகமே கொண்டாடியது. நானும்தான். அவருக்கு அந்த மரியாதை முழுக்கத் தகும். ஆனால் அவர் விசுவாசமாக இருக்க மயாமி 20 ஆண்டு இடம் கொடுத்தது. எதிர்ப் பெஞ்சில் இருந்தவருக்கு அந்த வாய்ப்பை எந்த ஊரும் தரவில்லை. இவர் எவ்வளவு விசுவாசமானவர் என்று சோதித்துப் பார்க்கவே யாரும் இல்லை.

இதற்கு முன் 12 அணிகள் என்ற சாதனையை நான்கு பேர் சேர்ந்து வைத்திருந்தார்கள். சக்கி பிரவுன், டோனி மாசன்பர்க் இருவரும் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். ஜிம் ஜாக்சன் 1992 டிராஃப்டில் நான்காவது. ஜோ ஸ்மித் 1995இல் முதலாவது. முதல் இடத்தில் எடுக்கப்பட்டவரும் 12 ஊர் சுற்றியிருக்கிறார்! வேக் ஃபாரஸ்டில் இஷ் ஸ்மித்துக்கு முன்னால் படித்த டிம் டங்கன் 19 சீசன் சான் ஆன்டோனியோவை விட்டு நகரவில்லை. ஒரே கல்லூரியிலிருந்து இந்த இரண்டு கதையும் வருகிறது.

கோப்பைக்குப் பிறகு டென்வர் இவரை வைத்துக்கொள்ளவில்லை. 2023-24 சீசனுக்கு ஷார்லட் மறுபடி எடுத்தது. பிறந்த ஊர். பள்ளி அணிக்கு ஆடிய கான்கார்ட் அங்கிருந்து காரில் போய்விடும் தூரம். அணி அந்த ஆண்டு 21 ஆட்டம்தான் ஜெயித்தது. 35 வயதில், இளம் பையன்கள் நிறைந்த தோற்கும் அணியில், மறுபடியும் எல்லாருக்கும் பந்து எங்கே வேண்டும் என்று கற்றுக்கொண்டு ஆடினார்.

குழுவில் இன்னும் பதில் போடவில்லை. இந்தப் பதிவையும், தேடிக் கிடைத்தால் அந்த பீனிக்ஸ் ஆட்டத்தின் வீடியோவையும் சேர்த்து அனுப்பப்போகிறேன். டேய், அந்த ஆட்டத்தின் நான்காவது பகுதியை மட்டுமாவது பார்.